முன்பல்லும் மூன்று மன்னிப்பும்

கலாட்டாவின் முன்பல் அவன் விரல்களுக்கு நடுவில் இருந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

“கத்தரிக்கோல்னு ஒண்ணு இந்த வீட்டுல எதுக்கு இருக்கு?” என்றாள் மனைவி. “கவரைப் பல்லாலதான் கிழிக்கணுமா?”

கலாட்டா பதில் சொல்ல வாயைத் திறந்தான். ‘தெரியாம’ என்று ஆரம்பித்தது “ஃபெரியாம…” என்று வந்தது; கூடவே ஒரு விசிலும் வந்ததும் மூடிக்கொண்டான்.

கலாட்டா என்பது மேடைப் பெயர். எட்டு வருஷம் ஒரு மைக்கையும் ஒரு ஸ்டூலையும் வைத்துக்கொண்டு ஊரைச் சிரிக்க வைத்தவன். இப்போது சினிமாவுக்கு வந்துவிட்டான். ஹீரோவுக்கு நண்பனாக இல்லை, ஹீரோவாகவே. அதுவும் அழுகிற ஹீரோ. படம் முடிந்து க்ளைமாக்ஸ் மட்டும் பாக்கி. புதன்கிழமை காலை, அம்மா மடியில் தலை வைத்து, க்ளோசப்பில் மூன்று நிமிஷம் அழ வேண்டும். இன்றைக்குத் திங்கள்.

டைரக்டருக்கு போன் போட்டான். அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இருபத்தெட்டு நாள் பல்லோட எடுத்திருக்கேன். பொக்கை வாயோட அழுதீங்கன்னா தியேட்டரே உருண்டு சிரிக்கும். புதன்கிழமை பல்லோட வாங்க. இல்லையா, ஹீரோ செத்துட்டாருன்னு போர்வையைப் போத்தி எடுத்துடறேன். அதுக்குப் பல்லு தேவையில்லை. அழற வேலையைத் தம்பி கேரக்டர் பாத்துப்பாரு.”

தம்பியாக நடிப்பவன் புதுமுகம். முப்பத்திரண்டும் சொந்தப் பல்.

கலாட்டா அப்போதுதான் கிழித்த கவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தான். பல் மருத்துவர் சங்கம். இரண்டு பக்கக் கடிதம். ‘தங்களுடைய பல் டாக்டர் நிகழ்ச்சி சம்பந்தமாக எங்கள் தலைவர் மிகுந்த மனவருத்தத்துடன்…’ அந்த ‘மனவருத்தத்துடன்’ வரைக்கும் படித்துவிட்டு மேஜையில் வீசினான்.

அந்த இருபது நிமிஷ ‘பல் டாக்டர்’ நிகழ்ச்சிதான் அவனை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தது. “வலிச்சா கையைத் தூக்குங்கன்னாரு. தூக்கினேன். ‘கேள்வியெல்லாம் கடைசில’ன்னுட்டாரு!” அவ்வளவுதான், அரங்கம் அதிரும். பேட்டியில் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, “வலியிலதாங்க நகைச்சுவை பிறக்குது” என்பான்.

மனைவியின் தம்பிதான் அவனுக்கு மேனேஜர். வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று வந்தவன், ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.

“மாமா, அவங்க காண்டுல இருக்காங்க,” என்றான் அவன். “இப்பப் போய் வாயைத் தொறந்து படுத்தீங்கன்னா ஊசியை எங்க குத்துவாங்கன்னு சொல்ல முடியாது. முதல்ல ஒரு மன்னிப்பு வீடியோ போடுவோம். அப்புறம் பல்லு.”

“விசில் வருமே மாப்ள.”

“மேலுதட்டை இறக்கிப் பேசுங்க. சோகமாவும் தெரியும்.”

உதட்டை இறக்கி, தலையைச் சாய்த்து, ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து கலாட்டா பேசினான். நாற்பது வினாடி நன்றாகவே போனது.

“பல் டாக்டருங்க எல்லாரும் எனக்கு அண்ணன் தம்பி மாதிரி…”

மாமா இவ்வளவு சோகமாக முகத்தை வைத்து மச்சினன் பார்த்ததே இல்லை. அடக்கி அடக்கிப் பார்த்தும் மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

சிரிப்புச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் கலாட்டாவை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. வாய் தானாக ஓடும்.

“…நான் வாயைத் தொறந்தாலே கையை விட்டுடுவாங்க!”

“அந்தக் கடைசி வரியை வெட்டிடு மாப்ள.”

“அதுதானே மாமா நல்லா இருக்கு?”

கலாட்டா ஒரு நிமிஷம் யோசித்தான். நன்றாகத்தான் இருந்தது. போட்டார்கள்.

மத்தியானத்துக்குள் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ‘பல்லிளித்த மன்னிப்பு’ என்று ஒரு பேப்பர்காரன் தலைப்பே வைத்துவிட்டான். மனைவி ஒவ்வொரு கிளினிக்காக போன் போட்டாள்.

“டாக்டர் லீவுங்க.”

“எப்ப வருவாரு?”

“உங்க வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போனதும் வருவாருங்க.”

பதினோராவது கிளினிக்கில் பெயரை மாற்றிச் சொன்னாள். “பல்லு எப்படிம்மா விழுந்துச்சு?” என்று கேட்டார்கள். பின்னாலிருந்து கலாட்டாவே விசிலோடு பதில் சொன்னான். போனை வைத்துவிட்டார்கள்.

“இன்னொரு வீடியோ,” என்றான் கலாட்டா. “இந்தத் தடவை சிரிப்பே வரக் கூடாது.”

தன் தம்பியை பால்கனியில் தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மனைவியே செல்போனைப் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஜோக்குக்கு அவள் சிரித்ததில்லை. அதைவிடப் பாதுகாப்பான ஆள் கிடைக்காது.

“நான் எல்லா டாக்டரையும் சொல்லலைங்க,” என்றான் கலாட்டா, மனசாரவே. “ஒரே ஒருத்தரைத்தான் சொன்னேன். நான் சின்ன ரூம்ல இருந்தப்போ பக்கத்துத் தெருவுல, மருந்துக்கடை மாடியில இருந்தாரு. எட்டாவது படி உடைஞ்சிருக்கும். இந்தப் பல்லைக் கட்டினதே அவர்தான். டிரில்லு நின்னாலும் அவர் வாய் நிக்காது. மத்தவங்க எல்லாரும் தங்கம்.”

“இது பரவால்ல,” என்றாள் அவள். போட்டார்கள்.

பத்தாவது நிமிஷம் மச்சினன் பால்கனிக் கண்ணாடியைத் தட்டினான்.

“மாமா, அந்த எட்டாவது படி டாக்டர்தான் இப்ப சங்கத் தலைவராம்! ‘பொதுவா திட்டியிருந்தாக்கூடப் பொறுத்துக்குவோம், எங்க தலைவரைப் படிக்கட்டோட அடையாளம் காட்டிட்டான்’னு குதிக்கிறாங்க!”

செவ்வாய்க்கிழமை காலையில் கலாட்டாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. செருப்பு ஒட்டுகிற பசை.

“ரெண்டு சொட்டு, பத்து எண்ணற வரைக்கும் அழுத்தணும்,” என்று டப்பாவைப் படித்த மச்சினன், கட்டைவிரலால் பல்லை அழுத்திப் பிடித்தான். பத்து எண்ணினான். விரலை எடுத்தான். பல்லும் கூடவே வந்தது.

இழுத்தார்கள், வெந்நீரில் முக்கினார்கள், எண்ணெய் தடவினார்கள். மச்சினன் கட்டைவிரலில் பல் முளைத்தது முளைத்ததுதான். கலாட்டாவின் மேலுதடு ஒரு பக்கம் ஈறோடு ஒட்டிக்கொண்டு, எதையோ கேவலமாகப் பார்ப்பது போல நின்றது.

“இப்ப நீங்க அழுதாலும் நக்கல் பண்ற மாதிரிதான் மாமா இருக்கு.”

“போதும்,” என்றாள் மனைவி. “கிளம்புங்க. பல்லைக் கட்டினவர்கிட்டயே போவோம். கால்ல விழுறதோ, வாய்ல அடிவாங்கறதோ, அங்கேயே நடக்கட்டும்.”

வழியில் யாரும் படம் எடுத்துவிடக் கூடாதென்று, மேஜையில் கிடந்த காகிதத்தைத் தம்பியின் கட்டைவிரலில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாள்.

எட்டாவது படி இன்னும் உடைந்தேதான் இருந்தது. மேலே, இருபது வருஷமாக டாக்டருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கிற உதவியாளர் அம்மா கதவைத் திறந்தார்.

“யாருக்குப் பல்லு?”

“இவருக்குங்க,” என்றான் மச்சினன். “பல்லு மட்டும் என்கிட்ட இருக்கு.”

டாக்டர் வந்தார். விரலைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதோ ஒரு திரவத்தைத் தடவி விரலிலிருந்து பல்லைக் கழற்றினார். சுற்றியிருந்த காகிதம் தட்டில் விழுந்தது. கலாட்டாவை நாற்காலியில் சாய்த்து, உதட்டை விடுவித்து, பஞ்சை வைத்து அடைத்தார். எல்லாமே விரல் ஜாடைதான். திற. மூடு. துப்பு.

முன்பு இதே நாற்காலியில் ஆறு தடவை படுத்திருக்கிறான். இந்த மனுஷன் ஒரு வினாடி சும்மா இருந்ததில்லை. அன்றைக்கு டிரில் பயமாக இருந்தது. இன்றைக்கு அந்த அமைதி.

“ஆஆ… ஊ… ஆஆ…” என்றான். கண் ஓரமாகத் தண்ணீர் இறங்கியது. நாளைக்கு வேண்டிய அழுகை, செலவில்லாமல் இன்றைக்கே வந்துவிட்டது.

“மன்னிச்சுடுங்கன்னு சொல்றாரு டாக்டர்,” என்றாள் மனைவி.

டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். பல்லைப் பொருத்தினார். கண்ணாடியைக் காட்டினார். பல் பழைய இடத்தில், பழையபடியே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பல் கிடைத்தது, க்ளைமாக்ஸ் பிழைத்தது. பேசாமல் படி இறங்கியிருக்கலாம். ஆனால் ஒருத்தர் தன்னிடம் முகம் கொடுக்காமல் போனால் கலாட்டாவுக்கு ஆறாது.

“ஏம்மா,” என்றான் உதவியாளரிடம். “டாக்டர் முன்னாடியெல்லாம் நிறுத்தாமப் பேசுவாரே! இன்னிக்கு வாயே தொறக்கலை. நான் கேலி பண்ணினதுல அவ்வளவு கோவமா?”

அந்த அம்மா தட்டில் கிடந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். சங்கத்தின் கடிதம், இரண்டாம் பக்கம். ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனிடமே நீட்டினார்.

“இதைப் படிக்கவே இல்லையா சார் நீங்க? கோவமெல்லாம் இல்லை, உஷாரா இருக்காரு. அன்னைக்கு உங்க வாய்ல பஞ்சை வெச்சுட்டு அவர் சொன்ன ஜோக்கைத்தானே எட்டு வருஷமா உங்க ஜோக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்க!”