பங்கேற்பாளர் ‘ஆ’

இந்த வருஷம் என் கையெழுத்தோடு ஒரு பொய் ஆராய்ச்சிகூட வெளியே போகக் கூடாது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இப்படி ஒரு சபதம் எடுத்தேன். சபதம் எடுக்க அது உகந்த இடமில்லைதான். கோபம் இடம் பார்த்தா வருகிறது?

என் பெயர் வசந்த்குமார். பி.எட். கல்லூரியில் விரிவுரையாளன். அதாவது, நாளைக்கு வாத்தியார் ஆகப்போகிறவர்களுக்கு இன்றைக்கு வாத்தியார். அவர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பயிற்சிக்குப் போகும்போது வகுப்பில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்து, நடந்ததை எழுதிக் கொண்டுவர வேண்டும். இதற்குச் செயலாராய்ச்சி என்று பெயர். இருபது வருஷமாக நான் பார்த்த வரையில் செயல் செராக்ஸ் கடையிலும் ஆராய்ச்சி பைண்டிங் கடையிலும் நடக்கிறது. எல்லா புராஜெக்டிலும் முன்தேர்வில் நாற்பது மார்க் வாங்குகிற பிள்ளைகள் பின்தேர்வில் எண்பத்தைந்து வாங்கிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் நேரில் பார்த்ததில்லை.

போன வருஷம் அஜய் என்று ஒருவன் ‘கடலோரப் பள்ளி மாணவர்களின் பெருக்கல் திறன்’ என்று எழுதிக் கொடுத்தான்.

“குன்னூர்ல கடல் எங்கப்பா இருக்குது?” என்று கேட்டேன்.

“இனிமேத்தானுங்க சார் பாக்கோணும்” என்றான்.

அன்றைக்கு ஏறிய ரத்தக்கொதிப்புதான் சபதமாக வெளியே வந்தது. வகுப்பில் மேஜையைத் தட்டிச் சொன்னேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். எண்ணிப் பார்த்து எழுத வேண்டும். ஆராய்ச்சிக்கு உட்பட்டவரின் பெயர், வயது, ஊர் எதுவும் எழுதக் கூடாது. ‘அ’, ‘ஆ’ என்று போட்டால் போதும். பாவம், அவர்களுக்கும் மானம் இருக்கிறதல்லவா?

என் மாணவிகளில் இந்து கொஞ்சம் பயந்த சுபாவம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அவளைப் பயிற்சிக்குக் கட்டபெட்டு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அங்கே ஏழாம் வகுப்பு டீச்சர் மரகதம். மரகதம் என் மனைவி. நான் செய்த முதல் தப்பு இதுதான்.

ஒரு சனிக்கிழமை இந்து நோட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

“சார், ஏழாவதுல பிரீத்தின்னு ஒரு பொண்ணு இருக்குதுங்க. எஸ்டேட் பொண்ணு. பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்பறதில்ல. என்ன கேட்டாலும் தலைய ஆட்டுது. போர்டுல எழுதிப் போட்டா மட்டும் டக்குனு செஞ்சுருது. காது சரியா கேக்கலைன்னு நெனைக்கறனுங்க சார்.”

“டாக்டர்கிட்டக் காட்டுனாங்களா?”

“அவங்கம்மா இசக்கியம்மா ரெடியாத்தான் இருக்காங்க. பொண்ணுதான் மாட்டேங்குது. காது மிஷின் மாட்டுனா கிண்டல் பண்ணுவாங்கன்னு அழுகுது. ‘நான் ஒருத்தி மட்டும் ஏன் மாட்டோணும்’னு கேக்குது.”

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

“கிண்டலுக்குப் பயந்துட்டுக் காதையே விட்டுடறதா? கண்ணுக்குக் கண்ணாடி போடறோம், காதுக்கு மிஷின் போடக் கூடாதா? இதவிட முட்டாத்தனம் வேற உண்டா?”

டீ ஊற்றிக்கொண்டிருந்த மரகதம் நிமிர்ந்து பார்த்தாள்.

“இந்து, சார் சொன்னத அப்படியே எழுதிக்கோ” என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் காது நன்றாகக் கேட்கும். மரகதத்துக்குத்தான் இரண்டு வருஷமாக அதில் ஒரு சந்தேகம். “ஏனுங்க, ஒருக்கா டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாமுங்க” என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். உண்மை என்னவென்றால் ஜனங்கள் இப்போதெல்லாம் மெதுவாகப் பேசுகிறார்கள். அதோடு குன்னூர்ப் பனியில் சத்தம் அமுங்கிவிடுகிறது. இது என் சொந்த ஆராய்ச்சி. ஐம்பத்தாறு வயசில் காதில் மிஷினோடு போய் நின்றால் காலேஜில் என்ன மரியாதை இருக்கும்? மரகதமும் இப்போது நச்சரிப்பதை விட்டுவிட்டாள். சண்டைகூடப் போடுவதில்லை. எங்கள் வீடு எவ்வளவு அமைதி என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

“ஒரே ஒரு ஆள வெச்சுட்டு ஆராய்ச்சியா?” என்று இந்துவிடம் கேட்டேன். “ஒப்பிட்டுப் பாக்க அதே குறையோட இன்னொரு ஆள் வேணும்.”

“கிளாஸ்ல வேற யாரும் இல்லீங்களே சார்.”

“தேடு. பக்கத்துலயேதான் இருப்பாங்க, நாமதான் கவனிக்கறதில்ல. யாருன்னு என்கிட்டகூடச் சொல்ல வேண்டாம். ‘ஆ’ன்னு போட்டுக்கோ.”

இந்து டம்ளரைக் கழுவிவைக்க அடுப்படிக்குப் போனாள். மரகதமும் போனாள். அரைமணி நேரம் இரண்டு பெண்கள் அடுப்படியில் சத்தமே இல்லாமல் இருந்தார்கள். எவ்வளவு அடக்கமான பெண் இந்த இந்து என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் நோட்டு வந்தது. படித்ததும் அசந்துபோனேன். ‘அ’ என்பது பிரீத்தி. அவள் கதை இரண்டு பக்கம். ‘ஆ’வுக்கு எட்டுப் பக்கம். மரகதத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்தேன்.

“இதக் கேளு. ‘பங்கேற்பாளர் ஆ பின்புறமிருந்து பத்து முறை அழைக்கப்பட்டார். ஒரு முறை திரும்பினார். அப்போது அழைத்தவர் கையில் வடைத் தட்டு இருந்தது.’ வடை வாசனைக்குத் திரும்பியிருக்கான் பாரு.”

“ஆமாங்க.”

“‘எதைக் கேட்டாலும் ம் என்கிறார். கேட்டதுபோலச் சிரிக்கிறார். குக்கர் பதினோரு விசில் அடித்தபின் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயை மூடினார்.’ அடேங்கப்பா. இந்து அந்தாளு ஊட்டுக்கே போயிப் பாத்திருக்கா. இதுதான் மரகதம் ஆராய்ச்சி.”

“உள்ள தள்ளிப் படிங்க.”

“‘தன் பேச்சு அவர் காதில் விழாததால் உடன் வாழ்பவர் பேசுவதையே படிப்படியாகக் குறைத்துக்கொண்டார். ஆ இதை அமைதி என்று கருதுகிறார்.’”

நோட்டை மடியில் வைத்துவிட்டேன். “அடப் பாவமே. கூட இருக்கறவங்க எவ்வளவு தவிச்சிருப்பாங்க?”

“தவிக்காம இருப்பாங்களா?” என்று மரகதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ன அம்மிணி, கண்ணுல?”

“வெங்காயமுங்க.”

அவள் கையில் இருந்தது கேரட். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேனாவைத் திறந்து சிவப்பு மையில் எழுதினேன். ‘ஆவின் பிடிவாதத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. இருவரையும் ஒரே நாளில் காது டாக்டரிடம் அழைத்துச் செல்லவும். ஆ முதலில் மாட்டிக்கொண்டால் அ தைரியமாக மாட்டிக்கொள்வார்.’

“கையெழுத்து போட்டீங்களா?” என்றாள் மரகதம்.

“போட்டாச்சு.”

“தேதி?”

“அதும் போட்டாச்சு.”

“சீலு?”

“குத்தியாச்சு. இதெல்லாம் நீ ஏன் கேக்கற?”

“ஒழுங்கா நடக்கோணுமல்லங்க.”

அடுத்த சனிக்கிழமை பிரீத்தியைக் காது டாக்டரிடம் கூட்டிவருகிறார்கள் என்றும், வழிகாட்டி என்கிற முறையில் நான் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் சொல்லி மரகதம் என்னைக் கிளப்பினாள். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். நானும் மாப்பிள்ளை மாதிரி போனேன். வாசலில் ஒரு டோக்கனை வாங்கி, “இதச் செத்த புடிங்க” என்று என் கையில் கொடுத்தாள்.

உள்ளே இந்து நின்றிருந்தாள். லீவு சொல்லிவிட்டு வந்திருந்த இசக்கியம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்வெட்டர் கழுத்தை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பிரீத்தி. அழுது முடித்த முகம்.

சுற்றிப் பார்த்தேன். “அந்த ஆ எங்க? பாத்தியா, வரல. பயந்துட்டான்.”

இந்து தரையைப் பார்த்தாள்.

“வந்துட்டாருங்க” என்றாள் மரகதம்.

“எங்க?”

“டோக்கன் கையில வெச்சிருக்காரு பாருங்க.”

ஹாலில் ஒவ்வொருவர் கையாகப் பார்த்தேன். கடைசியில் என் கையையும் பார்த்தேன். இந்து நோட்டை விரித்துச் சிவப்பு மையைக் காட்டினாள்.

“நீங்க எழுதுனதுதாங்க சார்.”

“மரகதம், இது ஏமாத்து வேலை.”

“இதுல எது ஏமாத்துங்க? கண்ணால பாத்ததத்தான் சொன்னேன். எண்ணிப் பாத்துத்தான் சொன்னேன். அந்த எட்டுப் பக்கத்துல ஒரு பொய் இருந்தாச் சொல்லுங்க, இப்பவே ஊட்டுக்குப் போயிரலாம்.”

எட்டுப் பக்கத்தையும் மனதுக்குள் புரட்டினேன். ஒரு பொய்கூட இல்லை. இருபது வருஷத்தில் என் கையெழுத்தோடு வந்த முதல் நிஜ ஆராய்ச்சி. அதற்கு நான்தான் கிடைத்தேனா?

கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். அப்போது, நோட்டையும் என் கையில் இருந்த டோக்கனையும் மாறி மாறிப் பார்த்த பிரீத்தி, “அம்மா, சாருக்குமா காது கேக்காது?” என்று கேட்டாள். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஹால் முழுக்கத் திரும்பியது. இசக்கியம்மா அவள் வாயைப் பொத்தினாள். பிரீத்தி கையை விலக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

“சார், நீங்க மாட்டுவீங்களா?”

நான் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“நீங்க மாட்டுனா நானும் மாட்டறேன் சார். நீங்க ஊட்டுக்குப் போனீங்கன்னா நானும் போயிருவேன்.”

சொல்லிவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை. படிக்க வேண்டிய காலமெல்லாம் முன்னால் கிடக்கிறது. அது இந்தக் கிழட்டுக் கௌரவத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறது. டோக்கனை நீட்டினேன். முதலில் உள்ளே போனது நான்தான்.

ஒரு மாதத்தில் இரண்டு பேருக்கும் மிஷின் வந்தது. பிரீத்தி தன்னுடையதை மறைக்கவே இல்லையாம். “எங்க காலேஜ் சாரும் போட்டிருக்காரு” என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். நான் என்றைக்கு அவள் காலேஜ் சார் ஆனேன் என்று தெரியவில்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

வீட்டில் முதல் நாள் மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தகரத்தில் தூறல் விழுவது கேட்டது. அடுப்படியில் யாரோ பாடுவது கேட்டது. எழுந்துபோய்ப் பார்த்தால், மரகதம். காய் நறுக்கிக்கொண்டே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக இப்படித்தான் பாடிக்கொண்டிருந்தாளாம். நான் கதவோரம் நின்று முழுப்பாட்டும் கேட்டேன். அவளைத் தவிக்கவிட்டுவிட்டேனே என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது.

ஆனால் மிஷினுக்குப் பாட்டு எது, திட்டு எது என்று தெரியாது. இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துவைத்த திட்டெல்லாம் இப்போது வரிசையில் வந்தது. ஈரத் துண்டு, திறந்த ஜன்னல், மூடாத தயிர்ச் சட்டி. இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அவள் புருவம் ஏறியதும் காதைச் சொறிவதுபோலக் கையைக் கொண்டுபோவேன். மிஷின் சட்டைப் பைக்குள் போய்விடும். அவள் வாய் அசையும். நான் பொறுப்பாகத் தலையாட்டுவேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது. அவள் கண்டுபிடிக்கவே இல்லை. முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் இது என் முதல் வெற்றி.

வைவா நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கெஸியா மேடம். கோயம்புத்தூர்க்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. இந்துவின் புராஜெக்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

“அ நல்லா முன்னேறியிருக்காங்க. ஆவுக்கு மட்டும் முன்னேற்றம் ஏன் கொறையுது?”

இந்து என்னைப் பார்த்தாள். “தைரியமாச் சொல்லும்மா” என்றேன், பெருந்தன்மையாக.

“மேடம், ஆ அப்பப்ப மிஷினக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கறாருங்க மேடம். மூணு வாரத்துல இருபத்தாறு தடவ.”

“எந்த நேரத்துல கழட்டறாரு?”

“சம்சாரம் பேச ஆரம்பிச்சதும் மேடம்.”

“சம்சாரமா? ஏழாங்கிளாஸ்லயா?”

“மாணவர்னு நான் எழுதலீங்க மேடம். பங்கேற்பாளர்னுதான் எழுதியிருக்கேன்.”

கெஸியா மேடம் மெதுவாகத் திரும்பினார். என் காதைப் பார்த்தார். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சிரித்ததை அன்றைக்குக் கல்லூரியே கேட்டது. இந்துவுக்கு முழு மார்க்.

நான் நேராக வீட்டுக்குப் போனேன்.

“மரகதம், எண்ணிட்டா இருந்த?”

“எண்ணாம எழுதுனா நீங்க ஒத்துக்குவீங்களா?”

“சரி, தப்புதான். திட்டுக்குப் பயந்துதான் கழட்டுனேன். இருபத்தாறு தடவையும் என்னதான் திட்டுன? அதையாவது சொல்லு.”

அவள் கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தாள்.

“திட்டறதுன்னா மாட்டியிருக்கறப்பவே திட்டிருவனுங்க. நீங்க கழட்டி வெச்சதுக்கப்பறம் சொன்னது வேற.”

“வேறன்னா?”

“அந்தப் புள்ளைக்காக மொதல்ல எந்திரிச்சு உள்ள போனீங்கல்ல. அதப் பத்தி. இன்னும் எவ்வளவோ. நேருக்கு நேராச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்குது. நீங்களாக் கழட்டிக் குடுத்தீங்க, நானும் ஆசதீரச் சொல்லிக்கிட்டேன்.”

இருபத்தாறு தடவை. இருபத்தாறு தடவையும் நான் பொறுப்பாகத் தலையாட்டியிருக்கிறேன். மிஷினைக் காதில் நன்றாக அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, அவள் முன்னால் போய் நின்றேன்.

“இப்பச் சொல்லு அம்மிணி. ஒண்ணே ஒண்ணு.”

அவள் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள்.

“ஷூவோட அடுப்படிக்குள்ள வந்து நிக்கறீங்க.”