பக்கத்து நாற்காலிப் பதிலாளர்

கேள்வியை ஒருவரிடம் கேட்க, பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வருகிறதா? அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் நம் பதிலாளர். தையல்கடையில் மனைவியின் சட்டைக்குக் கை நீளம் சொல்பவர் அவர். பல் டாக்டர் "வலிக்குதாம்மா?" என்று கேட்டால், வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவளுக்குப் பதிலாக, "அவ்வளவா வலிக்காது டாக்டர்" என்று அடித்துச் சொல்பவரும் அவரே. கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். வாய்தான் சற்று முன்னால் ஓடும்.

அப்படி ஒருவருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயரே முந்திரிக்கொட்டை. மனைவி உண்டான நாளிலிருந்து அவருக்கு 'அவள்' என்ற சொல் மறந்தே போயிற்று. "நாங்க நல்லா சாப்பிடுறோம் சிஸ்டர். நாங்க வாந்தியெல்லாம் நிறுத்திட்டோம்." மாதாந்தரப் பரிசோதனையில் நர்ஸ் அவளைப் பார்த்து, "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். "பிரமாதம்! சந்தோஷத்துல மிதக்கிறோம்" என்றார் முந்திரிக்கொட்டை. மிதந்தவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை பிறந்தது. அவளோ மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது. குழந்தை தூங்கும்போதும் கண் கொட்டாமல் அதன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கவனிக்காமலா இருந்தார்? கவனித்தார். அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது: அசதி.

மறுபடி ஆஸ்பத்திரி. பிள்ளை பெற்றவர்களிடம் உடம்பைப் பற்றி மட்டுமின்றி மனசைப் பற்றியும் விசாரிப்பது அங்கே வழக்கம். நர்ஸ் இந்தப் பதிலாளர் இனத்தை நிறையப் பார்த்தவள். முதல் கேள்விக்கே அவர் தொண்டையைச் செருமியதைப் பார்த்ததும், "சார், குழந்தையை எடை பார்க்கணும். திரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோங்க" என்று அனுப்பிவிட்டாள்.

திரை துணிதானே? கேள்வி அதைத் தாண்டிப் போனது. பதில் திரும்பி வந்தது.

"ராத்திரி தூக்கம் வருதாம்மா?"

"படுத்ததும் தூங்கிடுவா சிஸ்டர்!" என்றது திரை.

"ஏதாவது நினைச்சுப் பயமா இருக்கா?"

"நான் இருக்கும்போது என்ன பயம்?"

"காரணமே இல்லாம அழுகை வருதா?"

"பசிச்சா மட்டும்தான் அழும். சமர்த்து!"

"சார், குழந்தையைக் கேக்கல. அம்மாவைக் கேட்டேன்."

"அவளா?" திரைக்குப் பின்னால் ஒரு செல்லச் சிரிப்பு. "அவ எதுக்கு சிஸ்டர் அழணும்?"

மெல்ல ஒரு குரல் வந்தது. பிரசவத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாருமே முழுதாகக் கேட்டிராத குரல்.

"அதுதாங்க எனக்கும் தெரியல."

முந்திரிக்கொட்டை வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பயந்துபோனார். திரைக்கு அந்தப் பக்கம் அவள் அழுது அழுது பேசிக்கொண்டிருந்தாள்: தூக்கமில்லாததை, குழந்தையைத் தூக்கவே பயப்படுவதை, எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது தனக்கு மட்டும் என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொள்வதை. "உன் தப்பு இல்லம்மா. நிறைய பேருக்கு வர்றதுதான், சரி பண்ணிடலாம். டாக்டரைப் பார்க்கலாம்" என்று நர்ஸ் சொன்னாள். எடை பார்த்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூப்பிடும்வரை அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

வெளியே வந்ததும், "எப்படி இருக்கே?" என்று அவளைக் கேட்டார். கேட்டுவிட்டு, மிகுந்த சிரமப்பட்டு, காத்திருந்தார்.

சரி, அவர் கதை கிடக்கட்டும். உங்கள் வீட்டில் எப்படி? "சேச்சே, எங்க வீட்ல அந்த மாதிரி ஆளெல்லாம் கிடையாது" என்கிறீர்களா? மன்னிக்கவும். நான் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்டேன்.