வெள்ளைப் பூ மாத்திரை, சிவப்புப் பூ ஊசி

நீங்கள் பேண்ட் பையில் ஒளித்துவைத்த ஒரு சீட்டை, குலதெய்வத்துக்கு முன்னால், பங்காளிகள் பதினெட்டுப் பேர் சூழ்ந்து நிற்க, ஒரு லாரி டிரைவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்திருக்கிறாரா? இல்லையென்றால் மானம் போவது என்னவென்று உங்களுக்கு இன்னும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அதில் அனுபவஸ்தன்.

எண்பதுகளின் நடுவில் நான் பி.எஸ்சி. விலங்கியல். (எங்கள் வகையறாவிலேயே முதல் டிகிரி. நாலு தவளையை அறுத்துப் பார்த்தவனுக்கு மனுஷ உடம்பும் அத்துப்படி என்று நினைப்பு!) சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. கல்யாணமாகி நாலு வருஷம். பூங்கொடிக்கும் எனக்கும் குழந்தை இல்லை.

இப்போது எழுதும்போது இரண்டு பேரையும் சேர்த்து எழுதுகிறேன். அப்போது ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. "பூங்கொடிக்குக் கொழந்தை இல்லீங்க" என்றுதான் பேச்சு. நானும் திருத்தவில்லை. வளைகாப்பு வீடுகளில் அவள் பின்வரிசையில் போய் நின்றுகொண்டாள். ஒருநாள் காலையில் அம்மா, "தை வரைக்கும் பாப்பம் சாமி. இல்லீன்னா வேற எடம் பாக்கோணும்" என்றாள். இரண்டடி தள்ளி அடுப்பில் நின்ற பூங்கொடிக்கும் அது கேட்டது. அந்த நேரத்தில் நான் செய்த வீரச்செயலைச் சொல்லிவிடுகிறேன். இன்னொரு தோசை கேட்டேன்.

தை வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று சேலத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். பேர் பதியும் இடத்தில் நர்ஸ் என் பேரைக் கேட்டார். "செங்கோட்டுவேல், பி.எஸ்சி." என்றேன். பேரை மட்டும் எழுதினார். "பி.எஸ்சி. உட்டுப்போச்சுங்க சிஸ்டர்" என்று நின்று, எழுதவைத்த பிறகுதான் நகர்ந்தேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க முயன்று தோற்றுவிட்டேன்.)

டாக்டர் பூங்கொடியைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான், "டெஸ்ட் ட்யூப் பேபி எப்படிங்க மேடம்? பத்திரிகையில படிச்சேன்" என்றேன்.

"அதுக்கெல்லாம் இங்க வசதி கிடையாதுங்க. உங்களுக்கு இப்ப அவசியமும் இல்ல. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மாத்திரை. மாசம் அஞ்சு நாள், வீட்டுலயே சாப்பிடலாம். மெதுவாத்தான் பலன் தெரியும். இன்னொண்ணு ஊசி. தினமும் இங்க வந்து போட்டுக்கணும், முட்டை வளருதான்னு ஸ்கேன்ல பாக்கணும். வேகமா நடக்கும், ஆனா ரெட்டைப் பிள்ளை ஆகலாம், உடம்புக்கும் சிரமம். எது வேணும்ங்கிறதை அப்புறம் பேசலாம். முதல்ல உங்க டெஸ்ட் வரட்டும்."

"எனக்கு எதுக்குங்க டெஸ்ட்? நான் பி.எஸ்சி.ங்க."

"டெஸ்ட் பட்டத்துக்கு இல்லீங்க, ஆளுக்கு" என்று, நர்ஸ் பதிந்திருந்த பேரை அப்படியே பார்த்து ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்தார். அது என் டெர்லின் பேண்ட்டின் பின்பைக்குள் போனது. ஊரே கைவிட்ட பெல்பாட்டத்தை நான் மட்டும் விடாமல் மாட்டிக்கொண்டிருந்த காலம். தொடையில் அவ்வளவு இறுக்கம், பையில் எறும்பு புகுந்தாலும் மூச்சுத் திணறிச் சாகும். சீட்டு அங்கே பத்திரமாக இருக்கும் என்று நம்பினேன்.

வீட்டில் சீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. நோட்டில் கோடு போட்டு, மாத்திரை ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம், நன்மை தீமை எழுதி, பூங்கொடிக்குப் பாடம் நடத்தினேன்.

"மாத்திரை யாருங்க திங்கோணும்?" என்றாள்.

"நீதான்."

"ஊசி?"

"உனக்குத்தான்."

"உங்களுக்கு என்னங்க?"

"நான் முடிவெடுக்கோணும்ல?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரமாகியும் முடிவெடுக்க முடியவில்லை. மாத்திரை என்றால் தை தாண்டிவிடும். ஊசி என்றால் தினமும் சேலத்துக்கு பஸ். அம்மா பொறுமை இழந்தாள். "நீ என்னத்தடா படிச்சே? கோயலுக்குப் போயிப் பூக் கேட்டுப் போட்டா முடிஞ்சுது."

எங்கள் பக்கம் பெண் பார்ப்பதிலிருந்து போர்வெல் போட இடம் பார்ப்பது வரை பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, சாமி காலடியில் கலைத்துப் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமி உத்தரவு. வெள்ளை என்றால் மாத்திரை, சிவப்பு என்றால் ஊசி என்று முடிவானது. விலங்கியல் பட்டதாரியான நான் மறுப்பே சொல்லவில்லை. (பொறுப்பு சாமி தலைக்குப் போகிறதே, எவ்வளவு நிம்மதி!) பொட்டலம் கட்டும் வேலையை பூங்கொடி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. பங்காளிகள் எல்லாம் வந்துவிட்டார்கள். அம்மாவின் தம்பி, லாரி டிரைவர் மாமா, தன் ரெண்டு வயசுப் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பூசாரி பொட்டலங்களைக் கலைத்தார். பேத்தி ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனாள். மாமா பிடுங்கிப் பிரித்தார். பூ கீழே விழுந்தது. மாமாவின் கண் காகிதத்தில் நின்றுவிட்டது. ஒரு காலத்தில் பம்பாய் வரை லாரி ஓட்டி, செக்போஸ்ட் செக்போஸ்டாக இங்கிலீஷ் படிக்கப் பழகிய மனுஷன்.

"இதென்ன மாப்ளே, ஒம் பேரு எழுதியிருக்குது? செங்... கோட்டு... வேலு... பி... எஸ்சி!"

கூட்டத்தில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பையன் படிப்புக்கூட சாமிக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க!" பூசாரிக்கு அருள் வந்துவிடும் போலிருந்தது. எனக்குத்தான் புரிந்தது. அது டாக்டர் கொடுத்த சீட்டின் மேல்பாதி.

"பாதி கிழிஞ்சு இருக்குதே. பூசாரி, அந்தப் பொட்டலத்தையும் பிரியுங்க" என்றார் மாமா.

"மாமா, அடுத்ததைப் பிரிக்கக் கூடாதுங்க, சாமி குத்தம்" என்று நான் பாய்ந்தேன். என் வாழ்க்கையில் ஆசாரத்துக்காகக் குரல் கொடுத்தது அந்த ஒரு முறைதான். மாமா கேட்கவில்லை, தானே பிடுங்கிப் பிரித்தார்; அந்தப் பூவும் கீழே உருண்டது. இரண்டு பாதியையும் ஒட்டவைத்துப் பிடித்தார்.

"ஹஸ்பெண்டு... டெஸ்டு. ஹஸ்பெண்டுன்னா புருசன்தானுங்களே? அப்ப ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல. மொதல்ல புருசனுக்கு எஃப்.சி. பாக்கோணும்னு டாக்டரம்மா எழுதியிருக்குது!" (வருஷா வருஷம் லாரி ஓட லாயக்கா என்று ஆர்.டி.ஓ.விடம் காட்டி வாங்கும் சான்றுதான் எஃப்.சி.)

அம்மா பூங்கொடியைப் பார்த்தாள். "அம்மிணி, இது உனக்கு எப்படிக் கெடைச்சுது?"

"பேண்ட் தொவைக்க எடுத்தனுங்க அத்தை. மூணு வாரமாப் பைக்குள்ளயே இருந்துச்சுங்க." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே சொன்னாள். "நாஞ் சொன்னா யாருங்க கேக்கறீங்க? அதான் சாமியே சொல்லட்டும்னு கிழிச்சு ரெண்டுலயும் சுத்தீட்டனுங்க."

மாமாதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். "ஏக்கா, தைக்கு வேற எடம் பாக்கறேன்னியே? எஃப்.சி. இல்லாத வண்டிக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அதன் பிறகு அம்மா தை மாதத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

திங்கட்கிழமை மாமாவே என்னைச் சேலம் லேபுக்கு லாரியில் ஏற்றிப்போனார். நான் உள்ளே இருந்த நேரம் முழுக்க, வெளியே டீ குடிக்க வந்தவர்களுக்கெல்லாம், "நம்ம மாப்ளைக்கு எஃப்.சி.ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது சுவர் தாண்டிக் கேட்டது. (அந்த நிலைமையில் ஒரு மனிதன் டெஸ்டுக்குக் கொடுக்க வேண்டியதை எப்படிக் கொடுப்பான்? எப்படியோ கொடுத்தேன்.)

ரிசல்ட்டில் எண்ணிக்கை குறைவு. என் எண்ணிக்கை. டாக்டர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "தினமும் வேலைக்கு எதுல போறீங்க?" என்றார்.

"மாமா லாரியிலங்க. டிரைவர் பக்கத்துல, இன்ஜின் மேல இருக்கிற பானட்டுல உக்காந்துக்குவேன்."

"சூடா இருக்காதா?"

"பழகிப்போச்சுங்க. நாலு வருஷமாச்சு."

டாக்டர் என் டெர்லின் பேண்ட்டையும் பார்த்தார். "மாத்திரையா ஊசியாங்கிறது அப்புறம். மொதல்ல பானட்டை விட்டு எறங்குங்க. அந்தப் பேண்ட்டையும் விடுங்க. சூடு ஆகாது. காத்தாட வேட்டி கட்டுங்க. மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

'பட்டிக்காட்டான்தான் வேட்டி கட்டுவான்' என்று காலேஜில் நாலு பேருக்குச் சொன்னவன் நான். மறுநாள் வேட்டியோடு பஸ்ஸில் போனேன். மூன்று மாதத்தில் எண்ணிக்கை ஏறியது. பிறகு பூங்கொடிக்கு மாத்திரை மட்டும் கொடுத்தார், ஊசி வேண்டியிருக்கவில்லை. மாத்திரை ஆரம்பித்த நாலாவது மாதம் பூங்கொடிக்கு நாள் தள்ளிப்போனது. மகள் பிறந்தாள். அவள் பெயர்சூட்டு விழாவில் பூங்கொடி முன்வரிசையில், நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குக் கோயிலில் முதலில் விழுந்தது வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா என்று ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் கீழே பார்க்கவில்லை. அம்மா வெள்ளை என்று சத்தியம் செய்வாள். மாமாவோ, எந்தப் பூவும் இல்லை, தன் பானட்டிலிருந்து என்னை இறக்கியதுதான் காரணம் என்பார். பூங்கொடி ஒன்றும் சொல்ல மாட்டாள், சிரிப்பாள்.

இப்போது நான் சர்க்கரைக்கு ரத்தம் பார்க்கக் கிளம்பினாலும் மகள் போன் போட்டு, "அப்பா, எஃப்.சி. முடிஞ்சுதா?" என்கிறாள். மருமகனும் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

இதை டைப் அடிக்கும்போதும் வேட்டிதான் கட்டியிருக்கிறேன்.