வானத்தைச் சுட ஒரு ஸ்கோப்

இனி மனு எழுதுவதில்லை என்று தீர்மானம் போட்டேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்ப்பு இல்லாததால் ஏகமனதாக நிறைவேறியது. என் மனைவி சொர்ணத்தாய் அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள்.

காரணம் காட்டுப்பன்றி. எங்கள் கரிசலில் மழையை நம்பி மக்காச்சோளம் போட்டிருக்கிறோம். கதிர் பால் பிடிக்கும் வரை அது எங்கள் பயிர்; பிடித்த பிறகு பன்றியின் பயிர். தின்பது கொஞ்சம், உழப்பிச் சாய்ப்பது மிச்சம். வனத்துறைக்கு மனு கொடுத்தோம். கலெக்டருக்குக் கொடுத்தோம். குறைதீர் கூட்டத்துக்குச் சாய்ந்த சோளத்தட்டையை மாலையாகப் போட்டுக்கொண்டு போனேன். "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். அதைப் பன்றிக்கு வாசித்துக் காட்டினால் நிற்குமா?

ஆகவே ஆயுதம்! என் மாமனார் கருத்தையாவின் வேட்டைத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. ஒற்றைக் கையில் தூக்கலாம், அவ்வளவு லேசு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்றது. அவர் காலமானதும் உரிமம் எனக்கு வந்திருக்க வேண்டும். மறியல், முற்றுகை, கொடும்பாவி என்று என் பேரில் இருந்த வழக்குகளைப் புரட்டிய இன்ஸ்பெக்டர், "உங்க கையில மைக்கைக் குடுக்கதுக்கே யோசிக்கணும்" என்றார். உரிமம் அவர் மகள், அதாவது என் மனைவி பேருக்குப் போனது. வாழ்நாள் முழுக்க அதிகாரத்தை எதிர்த்தவன் வீட்டில் ஆயுதம் தாங்கிய ஆட்சி அமைந்தது இப்படித்தான்.

துப்பாக்கியில் ஒரே குறை, ஸ்கோப் இல்லை. ஸ்கோப் என்பது துப்பாக்கியின் முதுகில் மாட்டிக் குறி பார்க்கிற தூரக்கண்ணாடி. கோரிக்கையை நேரடியாகவே வைத்தேன்.

"ஏட்டி, துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்கணும்."

"எதுக்கு?"

"குறி பாக்க."

"பன்னியச் சுடக் கூடாது, வானத்தைப் பாத்து வெடி போட்டு விரட்டுங்கன்னுதான சொல்லியிருக்காவ? வானத்துக்கு எதுக்குக் குறி?"

"அனுமதி வரும். வாரப்ப கையில கருவி தயாரா இருக்கணும்."

"வந்தா நாந்தான சுடணும்? உரிமம் எம் பேருல்லா."

"நீ சுடு. நான் குறி பாக்கேன்."

"ஒருத்தர் குறி பாத்து ஒருத்தர் சுட்டா, அது பன்னி மேலயா படும்? பக்கத்துக் காட்டு இசக்கிதுரை அண்ணாச்சி மேலல்லா படும்!"

பேச்சுவார்த்தை முறிந்தது. மறுநாள் காலை முற்றத்தில் கட்டிலைப் போட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தேன். இசக்கிதுரை ஆதரவு தெரிவிக்க வந்தார்.

"அண்ணாச்சி, சாகும் வரையா?"

"கோரிக்கை நிறைவேறும் வரை."

"அப்ப மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு? வாசனை எங்க வீடு வரைக்கும் வருது."

"அது அடக்குமுறை."

உச்சி வெயிலில் சொர்ணத்தாய் ஒரு செம்பு மோரோடு வந்து நின்றாள். "சரி, எந்திரிங்க. மதுரைக்குப் போயி வாங்குவோம். நீங்களே பாத்து எடுங்க."

அனுபவம் உள்ள போராளி அங்கேயே பதறியிருக்க வேண்டும். கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிற அரசு, வேறு எதையோ ஏற்கெனவே எடுத்துவிட்டது என்று பொருள். எத்தனை துண்டறிக்கையில் நானே எழுதியிருக்கிறேன்! மோர் குளிர்ச்சியாக இருந்தது. மறந்துவிட்டேன்.

மதுரைத் துப்பாக்கிக் கடைக்காரர் உரிமத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. எல்லாம் "அம்மா, அம்மா"தான். நான் விடவில்லை. முதலில் எடுத்துக் காட்டியது பெருக்கிக் காட்டுவதில் சூரன். கனத்தில் அம்மிக்குழவி.

"லேசான துப்பாக்கி மேல இதை வச்சா, தலைகனம் பிடிச்ச தலைவர் மாதிரி கவுந்துரும். வேற எடுங்க" என்றேன்.

அடுத்தது லேசு. ஆனால் அதன் திருகை விரலால் தட்டினாலே நகர்ந்தது.

"லேசான துப்பாக்கிக்குத்தான் சார் சுடும்போது பின்னால உதை ஜாஸ்தி" என்றார் கடைக்காரர். முதன்முறையாக என்னிடம் பேசினார். "நாலு ரவை வெடிச்ச பிறகும் வச்ச குறி நகரக் கூடாது. அதுதான் நம்பகமான ஸ்கோப்பு."

அடி வாங்கிய பிறகும் நிலை மாறாதது. அந்தக் குணத்தை நான் கட்சி கட்சியாகத் தேடி அலுத்தவன். கடைசியில் ஒரு துப்பாக்கிக் கடையில், மூன்றாவதாக எடுத்துக் காட்டிய ஸ்கோப்பில் கிடைத்தது. நடுத்தரப் பெருக்கம், கறுப்பு நிறம், தண்ணீர் புகாது, தூசி புகாது. மேசைமேல் தட்டினேன். அசையவில்லை. பொழுது சாய்ந்த பிறகும் தெளிவாகத் தெரியும் என்றார். வாசலுக்கு வந்து எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தேன். அச்சகத்தின் பெயர் வரை படிக்க முடிந்தது.

"கண்ணுக்கும் இதுக்கும் நாலு விரக்கடை இடம் விடுங்க. ஒட்டி வச்சா உதைக்கையில புருவத்தைப் பிளந்துரும்" என்றார்.

"அந்தப் பயம் வேண்டாம்" என்றாள் சொர்ணத்தாய். எனக்குத் துணிச்சல் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். உறை இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"ஏட்டி! துப்பாக்கிய எங்க?"

"ஸ்டேசன்ல."

"யாரு பறிமுதல் பண்ணினா? எந்த அதிகாரத்துல?"

"யாரும் பறிக்கல. நானே கொண்டு போயி ஒப்படைச்சேன். தேர்தல் தேதி அறிவிச்சாச்சுன்னா உரிமம் வச்சிருக்கவங்க ஸ்டேசன்ல குடுத்துரணும்லா? ஓட்டு எண்ணி முடிச்ச பொறகுதான் திரும்பக் கிடைக்கும்."

"எப்பக் குடுத்த?"

"நீங்க பஸ் ஸ்டாண்டுல லட்டு குடுக்கப் போனீங்கள்லா, அன்னைக்கு."

உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்து என்று கோவில்பட்டியில் கொடி பிடித்தவன் நான்தான். தேதி வந்ததும் வெற்றி வெற்றி என்று லட்டு வழங்கியவனும் நான்தான். போராடிப் பெற்ற உரிமை என் வீட்டுப் பீரோவைக் காலி செய்திருக்கிறது.

"இது தெரிஞ்சிருந்துமா மதுரை வரைக்கும் வந்த?"

"பன்னி தேர்தல் முடியட்டும்னு காத்துக் கெடக்குமா? கதிரு முத்துது. காட்டுக்குக் காவல் வேணும். சும்மா போங்கன்னா போவீங்களா? கண்ணாடிக்கு உரிமம் வேண்டாமாம், கடைக்காரர்ட்ட கேட்டுட்டேன். கொண்டு போயிப் பாருங்க. வந்தா சத்தம் குடுங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."

நான் பணிந்து போகவில்லை. பயிரைக் காக்கும் கடமை உணர்ந்து, சொந்த முடிவில், சோற்றுப் பாத்திரத்தோடு போனேன்.

பொழுது சாய்கையில் சோளக்காட்டுக் காவல் பரண்மேல் உட்கார்ந்து ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஓடைக்கரை உடைமரத்தடியில் முள் முள்ளாகப் பிடரிமயிர் தெரிந்தது. தலைவன் முன்னால், தொண்டர்கள் பின்னால். கை தானாக உயர்ந்தது.

"வெளியேறு! வெளியேறு! உழவன் நிலத்தை விட்டு வெளியேறு!"

நின்றன. காதை நிமிர்த்தின. திரும்பி ஓடின!

கண் கலங்கிவிட்டது. இத்தனை காலப் போராட்டத்தில் என் கோஷத்துக்கு உடனடியாகச் செவிசாய்த்த முதல் தரப்பு அது. பேச்சுவார்த்தை இல்லை, குழு இல்லை, பரிசீலனை இல்லை. அடுத்த நாளும் போனேன். தினமும் போனேன். புதுப்புதுக் கோஷம் எழுதினேன். பன்றிகள் ஓடைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அறுப்பும் முடிந்தது. சுற்று வட்டாரத்தில் எங்கள் சோளம்தான் முழுசாகக் களம் சேர்ந்தது.

தேர்தலும் முடிந்தது. ஓட்டு எண்ணிய மறுநாள் சலவை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டு, ஸ்கோப்பைக் கையில் எடுத்தேன். இசக்கிதுரையும் வாசலில் நின்றார். ஆயுதம் வீடு திரும்பும் நாளுக்குச் சாட்சி வேண்டும் என்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"கெளம்பு சொர்ணம். துப்பாக்கிய வாங்கிட்டு வருவோம்."

அவள் முறத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அது இனிமே வேண்டாம்னு நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். அதுக்கு உரிமம் புதுப்பிக்கணும், எண்ணெய் போடணும். உங்களுக்குச் சோறு போட்டாப் போதும்."