மூணு விசில் அக்காவின் துப்பறியும் நாவல்

மைசூரில் ஒழுங்காக நாவல் எழுதிய ஒரே ஆள் மூணு விசில் அக்காதான். மற்றவர்கள் எல்லோரும், என்னையும் சேர்த்து, நாவல் எழுதத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள்.

என் தயாரிப்பு சாதாரணமானதல்ல. விடிகாலை எழுத்து நேரம் என்று அட்டவணை போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, சுவரில் ஒட்டியிருந்தேன். மேஜை கிழக்குப் பார்த்து இருந்தது. பேனாக்கள் நிற வரிசையில் நின்றன. எழுதாத நாட்களில், எழுதாததற்கான காரணத்தைத் தவறாமல் டைரியில் பதிவு செய்வேன்: ஜலதோஷம், குழாயில் தண்ணீர் வரவில்லை, எதிர் வீட்டில் கிரகப்பிரவேசம். அந்தக் காரணங்களைத் தொகுத்தால் நல்ல தடிமனான புத்தகம் வரும். நாவலில்தான் முதல் வரி இன்னும் முடியவில்லை.

அக்காவுக்கு மேஜையே கிடையாது. ஹனூர் பக்கத்திலிருந்து வந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் மெஸ் நடத்தினார். தனியாளான எனக்கு இரண்டு வேளையும் அங்கேதான் சாப்பாடு. சாயங்காலம் பருப்பைக் குக்கரில் ஏற்றிவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் அரிசி டின் மேல் உட்கார்ந்து எழுத ஆரம்பிப்பார். மூன்றாவது விசில் வந்ததும் பாதி வாக்கியத்தில் பேனாவை மூடிவிடுவார். கொலைகாரன் கத்தியை ஓங்கியிருந்தாலும் சரி, மறுநாள் பருப்பு ஏறும் வரை அவன் ஓங்கியபடியே நிற்க வேண்டியதுதான்.

பரிமாறும்போது அன்றைய பகுதியை எங்களுக்குச் சொல்வார். டயர் கடை மேனேஜர் ஒருவர் கதையில் லயித்து, பாயசத்தில் ஊறுகாயைக் கரைத்துக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை அவருக்குத் தெரியவில்லை.

"எழுதறதுக்கு அமைதி வேணும் அக்கா" என்று ஒருநாள் நான் ஆலோசனை சொன்னேன். எழுதாதவர்கள் இந்த மாதிரி ஆலோசனைகளை நிறைய வைத்திருப்போம். மெஸ் விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை என் அறைச் சாவியையும் கொடுத்தேன். கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினால் மேஜை காலி. அக்கா என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார். அடுப்பில் என் குக்கர்.

"யாருக்கு அக்கா பருப்பு?"

"யாருக்கோ. விசில் வந்துருமேன்னு ஒரு பயம் இருந்தாத்தானுங்க சார் கை ஓடுது. உங்க மேஜையில உக்காந்தா தூக்கமா வருது."

எனக்கும் அந்த மேஜையில் அப்படித்தான். அந்தப் பருப்பைச் செவ்வாய்க்கிழமை வரை சாப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில் ஒரு வார இதழ் நாவல் போட்டி அறிவித்தது. அக்கா தீர்மானித்துவிட்டார்.

"பரிசு வராட்டிப் போகுதுங்க. அச்சுல எம் பேரைப் பாக்கோணும். மெஸ் போர்டுல கூட எங்க மாமனார் பேருதான் இருக்குது."

உடனே சோதனைகள் வரிசையில் நின்றன. கேஸ் சிலிண்டர் வராமல், ஈர விறகில் சமைத்தார். விசில் வர யுகம் ஆனதால், துப்பறிபவன் அந்த வாரம் முழுக்கச் சாமுண்டி மலையைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அதைச் சமாளித்து முடிப்பதற்குள், சந்தில் ஒரு ஸ்கூட்டர் இடித்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. போட்டியின் கடைசித் தேதிக்கு இரண்டே வாரம்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் அக்கா" என்றேன். தள்ளிப்போடுவதில் நான் அனுபவசாலி.

"ஸ்வல்ப இருங்க சார், கொஞ்சம் பொறுங்க. கைதான போச்சு, வாய் இருக்குதில்ல. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஆபீஸ் விட்டு நேரா வாங்க."

போனேன். சமையலை அவர் நாத்தனார் பார்த்துக்கொண்டார். பருப்பைக் கழுவி ஏற்றுவதும், விசில் வரும் வரை அக்கா சொல்லச் சொல்ல எழுதுவதும் என் வேலை.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க?"

"'ஓடினான்'னு போடறதா, 'விரைந்தான்'னு போடறதான்னு யோசிக்கிறேன்."

"நீங்க யோசிக்கறதுக்குள்ள அவன் பஸ் ஏறிப் போயிருவான். எழுதுங்க."

முதல் விசில் அடித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அடித்தல் திருத்தல் பார்க்காமல் எழுதினேன்.

ஒருநாள், "ஜலதோஷம் அக்கா, இன்னிக்கு வரலை" என்று போன் செய்தேன்.

"மிளகு ரசம் வெச்சிருக்குது. வாங்க."

அன்றுதான் "கொலை செய்தது" என்ற இடத்தில் மூன்றாவது விசில் வந்தது. நான் பேனாவை வைக்கவில்லை.

"யாருன்னு மட்டும் சொல்லிடுங்க அக்கா."

"நாளைக்கும் ஜலதோஷம் வருமா?"

"வராது."

"அப்ப நாளைக்குச் சொல்றேன்."

கடைசித் தேதிக்கு முந்தின நாள் கூரியரில் அனுப்பினோம். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் பெயர்களை இதழின் ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அக்காவின் பெயர் இருந்தது. அவர் அதை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு கத்தரித்து, மெஸ் போர்டில் மாமனார் பெயருக்கு மேலே ஒட்டினார். போர்டில் மூக்கை வைத்தால்தான் படிக்க முடியும். நாங்கள் எல்லோரும் மூக்கை வைத்தோம்.

போன வருஷம் மெஸ்ஸைச் சாமராஜநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது அடுத்த நாவல். தினமும் சாயங்காலம் எனக்குப் போன் வரும்.

"ஏத்திட்டேனுங்க சார். ஆரம்பிங்க."

அதற்குப் பிறகு இருவரும் பேசுவதில்லை, போனை வைப்பதுமில்லை. அவர் அங்கே எழுதுவார், நான் இங்கே. என் நாவல் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. மூன்றாவது விசில் கேட்டதும் பேனாவை மூடிவிடுகிறேன். போனை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருக்கிறேன்.