டின்னர் செட், மிக்ஸி, ஸ்பெயின் கம்பளி

டிசம்பர் இரண்டு, அமீரகத்தின் தேசிய தினம். அன்று அபுதாபியின் கடலோரக் கார்னிஷ் சாலையில் தன் மஸ்டாங்கை ஓட்டிக்கொண்டு போவது என்று 2006-இல் செய்கு முகம்மது முடிவெடுத்தார். முடிவெடுப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வண்டியில் எஞ்சின் அரைகுறையாகத்தான் இருக்கிறது என்பதை மட்டும் அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

அறுபத்தொன்பதாம் வருடத்து அமெரிக்க வண்டி. முசஃபா தொழிற்பேட்டையில் பழைய இரும்புக்குப் போக இருந்ததை, ஒரு அரபியின் கையைக் காலைப் பிடித்து வாங்கி, வில்லா முற்றத்தில் இறக்கினார். இரண்டு வருடமாக அது அங்கேயே செங்கல் மேல் நிற்கிறது. செய்குவுக்கு ஏ.சி. கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருகுவது என்றுகூடத் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் பனியனோடு வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வார். படுத்து அவர் செய்ததெல்லாம் தூக்கம்தான்.

காரேஜில் வேலை பார்க்கும் பெரம்பலூர்க்காரர் பழனிச்சாமி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சாமான் எல்லாம் வந்து சேரட்டும் பாய். ஒரே வெள்ளிக்கிழமைல மாட்டிடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் செய்கு உயிர் வாழ்ந்தார்.

மனைவி ரம்ஸியா பொறுத்துப் பார்த்தாள். வண்டியின் கண்ணாடியில் கொடிக்கயிறு கட்டித் துணி உலர்த்தினாள். பானெட் மேல் மிளகாய் காயவைத்தாள். ஒரு நாள் துவைத்த தொழுகைத் துணியில் கிரீஸ் பட்டதும் சட்டம் போட்டாள்.

"இனிமே அந்த முசீபத்துக்குன்னு ஒரு ஆணி வீட்டுக்குள்ள வந்துச்சு, அடுத்த ஃப்ளைட்ல நான் கீழக்கரைக்குப் போயிடுவேன். பிள்ளைங்களை நீங்களே பாத்துக்குங்க."

"ஒரு ஆணிகூட வராது."

ஆணி வரவில்லை. அட்டைப்பெட்டி வந்தது.

வருகிற ஜனவரியில் மச்சினி அஃபீஃபாவுக்குக் கல்யாணம். வளைகுடாவில் ஊருக்குச் சாமான் அனுப்பாத வீடு எது? கட்டிலுக்கடியில் நாலு பெட்டி இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நிறைந்ததும் கார்கோக்காரரைக் கூப்பிடுவார்கள். ஊருக்குப் போகிற பெட்டியை யாரும் சந்தேகப்படுவதில்லை. அமெரிக்காவிலிருந்து வரவழைத்த உதிரிச் சாமான்களை செய்கு அந்தப் பெட்டிகளில் ஒளித்தார். டேப் சுற்றினார். மேலே கல்யாணச் சாமானின் பெயரையும் மாமனார் முகவரியையும் மார்க்கரால் எழுதினார். அவர் வாழ்க்கையில் தேறிய ஒரே விஷயம் கையெழுத்து.

"இது என்னங்க?"

"உன் தங்கச்சிக்கு டின்னர் செட்."

உள்ளே இருந்தது கிளட்ச் பிளேட். பிளேட் என்றால் தட்டுதானே, அதனால் பாதிப் பொய்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"நீங்களா வாங்கினீங்க?"

"மூத்த மருமகன் நான் வாங்காம வேற யார் வாங்குவா?"

ரம்ஸியா பெட்டியைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள். அவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்ல கனம். அவ மிக்ஸியும் கேட்டா."

அடுத்த வாரம் கார்புரேட்டர் வந்தது. மிக்ஸி என்று எழுதினார். தையல் மெஷின் கேட்டாள். எக்ஸாஸ்ட் பைப் தையல் மெஷின் ஆனது. கம்பளி கேட்டாள், கேம் ஷாஃப்ட் கம்பளி ஆனது. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாளே என்று அவள்மேல் அவருக்கு இரக்கமே வந்துவிட்டது. முட்டாளுக்கு வரும் இரக்கம் தனி ரகம்.

"ஏங்க, கம்பளிப் பெட்டியிலேர்ந்து எண்ணெய் வடியுது."

"அது ஸ்பெயின் கம்பளி."

"அதுக்கு?"

"அங்கெல்லாம் ஆலிவ் எண்ணெய்ல ஊறவெச்சுத்தான் அனுப்புவாங்க. பூச்சி அண்டாது."

"கறுப்பா இருக்கே."

"கறுப்பு ஆலிவ்."

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ரம்ஸியா தரையைத் துடைத்தாள்.

தேசிய தினத்துக்கு இன்னும் இரண்டு வாரம். சாமான் எல்லாம் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பழனிச்சாமிக்குப் போன் போட்டார்; அவர் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டிலுக்கடியில் தரைதான் தெரிந்தது.

"பெட்டியெல்லாம் எங்கே?"

"காலையில கார்கோக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரு. ஏர் கார்கோ. ஒரு வாரத்துல ஊர்ல வீட்டு வாசல்ல இறக்கிடுவாங்களாம்."

செய்கு கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"ஊருக்கு அனுப்பத்தானே வாங்கினீங்க?"

"ஆமா."

"வேற எதுக்காவது வாங்கினீங்களா?"

"இல்ல."



வண்டிச் சாமான் போனதைவிடப் பெரிய பயம் ஒன்று இப்போது பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பதற்காகச் சாமான்களைக் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். இது இன்னார் கொடுத்தது என்று மாமியார் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார். மூத்த மருமகன் அபுதாபியிலிருந்து அனுப்பிய மிக்ஸி என்று மாமியார் கார்புரேட்டரைத் தூக்கிக் காட்டுவதை நினைத்தாலே செய்குவுக்குச் சோறு இறங்கவில்லை. கார்கோ ஆபீஸுக்கு நாலு தடவை போன் செய்து கெஞ்சினார். பெட்டி எப்போதோ விமானம் ஏறிவிட்டது என்றார்கள்.

எட்டாம் நாள் மாமியாரின் போன் வந்தது.

"மருமவனே, பெட்டி எல்லாம் வந்துருச்சு."

"மாமி, அதைப் பிரிக்காதீங்க."

"பிரிச்சாச்சே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் இங்கதான் இருக்காங்க."

செய்கு கண்ணை மூடிக்கொண்டார்.

"மிக்ஸி ஜோரா இருக்கு. தையல் மெஷினு அதைவிட ஜோரு. கம்பளி என்ன மெத்து, என்ன மெத்து. இப்படி ஒரு மருமவன் யாருக்கு வாய்ப்பான்னு சம்பந்தியம்மா சொல்றாங்க."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அந்த நிம்மதி ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம்தான் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது எப்போதுமே தள்ளிவிட்டால்தான் கிளம்பும்.

"ரம்ஸியா, பெட்டிக்குள்ள இருந்ததெல்லாம் என்ன ஆச்சு?"

"எது? தட்டா, கம்பளியா?"

"இரும்பு" என்றார், தொண்டைக்குள்ளேயே.

"முதல் பெட்டியைத் தூக்கின அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன். பெட்டி அனுப்புறதுக்கு முந்தின வாரம் நீங்க ட்யூட்டிக்குப் போனதும் பழனிச்சாமி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரு காரேஜுக்கு வர்ற அரபி ஒருத்தரு இதே வண்டி வெச்சிருக்காராம். மொத்தத்தையும் வாங்கிக்கிட்டாரு."

"அந்தக் காசு?"

"பெட்டி மேல நீங்க எழுதியிருந்ததை அப்படியே வாங்கி உள்ள வெச்சேன். நீங்க சொன்னது பொய்யாயிடக் கூடாதுல்ல?"

செய்கு எழுந்து முற்றத்துக்குப் போனார். செங்கல் மேல் நின்ற வண்டியைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ரம்ஸியா பின்னாலேயே வந்து, பக்கத்தில் நின்று, வண்டியின் கதவைத் தட்டிப் பார்த்தாள்.

"அஃபீஃபா ஃபிரிட்ஜும் கேக்குறா. இது மேல எழுதிடுங்க."