நான்கு மாடி உயரத்தில் தவராசா

சுவர் என்பது வீட்டைத் தாங்குவதற்காகக் கட்டப்படுவது என்ற மூடநம்பிக்கையிலிருந்து மனித குலத்தை மீட்டெடுத்த பெருமை, ரைன் நதிக்கரையில் உள்ள ஒரு நகரத்தின் பண்பாட்டுப் பிரிவையே சாரும். நகரத்தின் பெயர் வேண்டாம். தன்னடக்கம் மிக்க நகரம் அது.

இந்த ஞானம் சும்மா வந்துவிடவில்லை. பிரிவின் அலுவலர்கள் ஏழு பேர் தென் அமெரிக்காவுக்குப் பறந்து, வல்பராய்சோ என்னும் மலை நகரத்தில் பன்னிரண்டு நாட்கள் மேடுமேடாக ஏறி இறங்கித் தெருச் சுவரோவியங்களை "ஆய்வு" செய்தார்கள். படிக்கட்டு முழுக்க வண்ணம், தகரக் கதவில் திமிங்கிலம், மதில் நீளத்துக்கு ஒரு கிழவியின் முகம். ஒருவருக்கு முழங்கால் வீங்கியது. திரும்பி வந்து நூற்று நாற்பது பக்க அறிக்கை கொடுத்தார்கள். "அங்கே சுவர்கள் பேசுகின்றன, நமது சுவர்கள் வாய்மூடி நிற்கின்றன" என்பது அதன் சாரம். சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர்கள் பேசினால் என்ன செய்வது என்பது ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை.

அதே வாரம் தவராசாவும் ஒரு சுவரைப் பற்றித்தான் எழுதியிருந்தார். மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்பவர். நகரத்துக்குச் சொந்தமான தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் மனைவி சிவமலரோடு இருபத்தேழு வருடமாக இருக்கிறார். படுக்கையறைச் சுவரில் ஆறு வருடமாகப் பூஞ்சணம். சிவமலருக்கு ஓயாத இருமல். வருடத்துக்கு ஒரு 'அந்த்ராக்', அதாவது விண்ணப்பம், போட்டுவந்தார். ஐந்துக்கும் ஒரே பதில்: நீங்கள் சன்னலைத் திறப்பதில்லை. ஆறாவது விண்ணப்பத்தை வீட்டுப் பிரிவு பண்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பிவைத்தது. சுவர்கள் இப்போது அவர்கள் பொறுப்பு அல்லவா? பண்பாட்டுப் பிரிவின் தலைவியே நேரில் வந்தார்.

தலைவி பூஞ்சணத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு சன்னலால் எட்டி வெளிச்சுவரை நெடுநேரம் பார்த்தார்.

"அற்புதமான சுவர்," என்றார்.

"ஈரம் உள்ளுக்கு இறங்குது. மனுசிக்கு இருமல்."

"வீதியில் நின்றால் முழுவதும் தெரியும். இடையூறாக ஒரே ஒரு சன்னல்தான்."

"பூஞ்சணத்துக்கு என்ன செய்வியள்?"

"உங்கள் முகத்தையே வரையப் போகிறோம். இந்தக் குடியிருப்பின் 'குரல்' நீங்கள்."

குரல் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தது. தலைவிக்கு அடுத்த சந்திப்புக்கு 'டெர்மின்' இருந்தது, போய்விட்டார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் சிவமலர். "வெளியில வேலை தொடங்கினால் உள்ளுக்கும் ஒருக்காப் பாப்பினம்."

அந்த ஒரு நம்பிக்கையில்தான் தவராசா கையெழுத்துப் போட்டார்.

வல்பராய்சோவிலிருந்து ஓவியர் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அதிகம் பேசாத இளம்பெண். சாரத்தில் ஏறிச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நனைந்திருக்கிறது, முதலில் இதைத் திருத்துங்கள்," என்றாள். தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. சுவர் அழுகிறது என்று ஓவியர் சொல்வதாகப் பத்திரிகையாளர்களுக்கு விளக்கினார். ஆறு வருடத்தில் அந்தச் சுவரைப் பற்றி வெளிவந்த ஒரே உண்மை இப்படியாகக் கவிதையில் சேர்க்கப்பட்டது.

"முகத்தைச் சுற்றி உங்கள் ஊர்ப் பூ ஒன்று வேண்டும்," என்றார் தலைவி. செவ்வரத்தை என்றாள் சிவமலர். "கீழே உங்கள் தாய்மொழியில் ஒரு வரி. உங்களைப் பற்றி நீங்களே எழுதுங்கள்."

தவராசா இரண்டு நாள் யோசித்தார். ஒரு மனிதனின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அவனுடைய விபரத்தை எழுத அவர் அறிந்த தமிழ் ஒன்றே ஒன்றுதான். எழுதிக் கொடுத்தார்: "இணுவிலைப் பிறப்பிடமாகவும், இக்குடியிருப்பை வதிவிடமாகவும் கொண்ட தவராசா."

திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. நான்கு மாடி உயரத்துக்கு முகம், சுற்றிவரச் செவ்வரத்தை, கீழே அந்த வரி. ஜெர்மன்காரர்கள் கைதட்டினார்கள். படம் வட்ஸ்அப்பில் போனதும் ஐரோப்பா முழுவதும் தமிழர்கள் தலையில் கைவைத்தார்கள்.

முதலில் அழைத்தவர் டோர்ட்முண்டில் இருக்கும் இராசலிங்கம். சொந்த ஊரான இணுவிலில் அடுத்த ஒழுங்கைக்காரர், தவராசாவுக்கு மூத்தவர். தொலைபேசியை எடுத்தது தவராசாவேதான்.

"ஆர் கதைக்கிறது?"

"நான் தவராசா, அண்ணை."

"அப்ப செத்தது ஆர்?"

"ஒருத்தரும் சாகேல்லை. இது கலை."

"கலையெண்டால் மரண அறிவித்தல் மாதிரிப் பிறப்பிடம், வதிவிடம் எல்லாம் என்னத்துக்கு? கிரியை எப்ப எண்டதைத்தான் போடேல்லை. அதைக் கேக்கத்தான் எடுத்தனான்."

"நீங்கள் பிழையா விளங்கிப்போட்டியள், அண்ணை."

"மலர்வளையத்துக்கும் சொல்லிப்போட்டன்," என்றார் இராசலிங்கம் கவலையோடு. "சரி, சுகமா இரு."

அன்றைக்கு மட்டும் இன்னும் பதினாறு பேர் துக்கம் விசாரித்தார்கள். பாரிஸிலிருந்து அழுதுகொண்டே எடுத்த ஒரு பெண், ஆள் உயிரோடு இருப்பது தெரிந்ததும் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

நகரத்தின் முகமாகிவிட்ட தெம்பில் தவராசா ஏழாவது விண்ணப்பத்தைப் போட்டார். பதில் ஒரே வாரத்தில் வந்தது. ஈரத்தை நிறுத்த வெளிச்சுவர் முழுவதையும் மூடிக் காப்புத் தகடு அடிக்க வேண்டும். ஆனால் வெளிச்சுவர் இப்போது "பாதுகாக்கப்பட்ட படைப்பு", அதில் ஓர் ஆணியும் அடிக்க ஏலாது. ஆகவே உள்ளே இருந்துதான் வேலை. ஆகவே குடியிருப்போர் "தற்காலிகமாக" வெளியேற வேண்டும். ட்ராம் வண்டியின் கடைசித் தரிப்பிடத்துக்கு அப்பால் ஓர் அறையும் குசினியும் ஒதுக்கியிருந்தார்கள்.

தவராசா தலைவியிடம் போனார்.

"எப்ப நாங்கள் திரும்பி வாறது?"

"உங்கள் முகத்தைப் பாதுகாப்பது எங்கள் கடமை."

"முகம் கிடக்கட்டும். நாங்கள் எப்ப வாறது?"

"அதற்கு ஒரு குழு அமைத்திருக்கிறோம்," என்றார் தலைவி.

ஆறு வருடமாக முடியாத பூஞ்சணம் மூன்று வாரத்தில் துடைத்தெடுக்கப்பட்டது. நான்காவது வாரம் குழு கூடியது. சுவரைப் பார்க்க நாள்தோறும் ஆட்கள் பேருந்தில் வந்து இறங்குகிறார்கள், அவர்கள் உட்கார இடமில்லை, கழிப்பறை இல்லை என்று கவலைப்பட்டது. மூன்றாம் மாடி வீடு ஈரமின்றி, சுகாதாரமாக, காலியாக இருப்பது குழுவின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அது "சுவரோவியத் தகவல் மையம்" ஆயிற்று. சிவமலர் அந்தச் செய்தியை இரண்டு தடவை வாசித்தாள். இந்த முறை அவள் இருமவில்லை, அழுதாள்.

ஒரு வருடம் கழித்துப் புது முகவரிக்கு அழைப்பிதழ் வந்தது.

"ஆண்டு நிறைவாம்," என்றாள் சிவமலர். "எல்லாரும் ஒவ்வொரு பூவோட வரட்டாம்."

கார்த்திகை மாதக் குளிர். அதிகாரிகள் எல்லோரும் கறுப்பு மேலங்கியில் வந்திருந்தார்கள். இங்கே வாழ்ந்து, உழைத்து, நமக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்கிய தவராசா என்று தலைவி தழுதழுத்தார். சுவர் பேசுவதைக் கேட்க ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். பிறகு வரிசையாகப் போய்ச் சுவரடியில் பூ வைத்தார்கள். தவராசாவின் கையிலும் ஒரு பூவைக் கொடுத்தார்கள். அவர் தன் முகத்துக்குக் கீழே குனிந்து அதை வைத்தார். மேலே, அவருடைய படுக்கையறைச் சன்னலில் நின்று யாரோ படம் எடுத்தார்கள்.

நிமிர்ந்தபோது பக்கத்தில் இராசலிங்கம் நின்றார், கையில் மலர்வளையத்தோடு.

"தம்பி," என்றார் மெல்ல, "அண்டைக்கு நான் பிழையா விளங்கேல்லை. ஒரு வருசம் முந்தி விளங்கிப்போட்டன், அவ்வளவுதான்."